பயந்த கறியைப் புதைத்த குழி

இறைச்சி தின்பதில் உலகத்திலேயே ஓநாய்க்கு முதலிடம், கசாக்கியருக்கு இரண்டாம் இடம் என்று எங்களைப் பற்றி நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அந்த வசந்தகாலத்தில் எங்கள் ஊர் அந்த இரண்டாம் இடத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டது. ஒரு மாதமாக எந்த வீட்டு அடுப்பிலும் கறி வேகவில்லை. ஆடுகள் தெரு நடுவே தைரியமாக நடந்து போயின.

எல்லாம் கோஜாபெக் அவர்களின் கைங்கரியம்.

எம்ஷி என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் மந்திர வைத்தியர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஈயத்தைக் காய்ச்சித் தண்ணீரில் ஊற்றுகிறவர், சாட்டையால் அடித்துப் பேயை விரட்டுகிறவர், எச்சில் துப்பியே பல்வலியைப் போக்குகிறவர். கோஜாபெக் அந்த ரகம் இல்லை. படித்த ரகம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது, அதன் முனையில் ஓர் ஓநாய்ப் பல்லும் தொங்கியது. விஞ்ஞானம் வேண்டுகிறவருக்கு விஞ்ஞானம், மந்திரம் வேண்டுகிறவருக்கு மந்திரம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கடை விரித்தார்.

அவர் கண்டுபிடித்த உண்மை இதுதான். அறுக்கும்போது ஆடு பயப்படுகிறது. அந்தப் பயம் கறியில் இறங்குகிறது. கறியைத் தின்றவன் ரத்தத்தில் ஏறுகிறது. சர்க்கரை நோய், முழங்கால் வலி, மகன் பரீட்சையில் தோற்பது, மருமகள் எதிர்த்துப் பேசுவது எல்லாமே ஆட்டின் பயம்தான். பரிகாரம்? ஏழு மலைப் புல்லை இடித்த பச்சைப் பொடி. ஒரு கரண்டி பொடியில் நாற்பது ஆட்டின் சத்து.

நாற்பதா என்று வாயைப் பிளந்தவர்களுக்கு அவர் தராசைக் காட்டினார். மேசையில் நீலத் துணி, அதன்மேல் இரண்டு தட்டுத் தராசு. இடத் தட்டில் ஒரு துண்டுக் கறி, வலத் தட்டில் ஒரு கரண்டி பொடி. கறித் தட்டு கீழே போகும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பிறகு கோஜாபெக் கண்ணை மூடி முணுமுணுப்பார். "இப்ப நான் எடையை நிறுக்கல. சத்தை நிறுக்கறேன்" என்பார். பொடித் தட்டு மெல்ல நடுங்கும், பிறகு டக்கென்று கீழே இறங்கும். கறி ஆகாயத்தில் ஆடும். கூட்டம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னோர் அற்புதமும் உண்டு. வீட்டில் இருக்கும் கறியையெல்லாம் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கொல்லையில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. பயந்த கறியை அதில் மந்திரித்துப் புதைப்பார். அதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பயம் கண் வழியாக ஏறும். ஆதாரம் கேட்கிறீர்களா? நாய்கள். எங்கள் ஊரில் மனிதர்களுக்குச் சமமாக நாய்கள் உண்டு. ஒன்றுகூட அந்தக் குழியைப் பிராண்டவில்லை. "பாத்தீங்களா, நாய்கூடப் பயப்படுது" என்று ஊரே மெய்சிலிர்த்தது. நானும் சிலிர்த்தேன்.

என்னை மறைப்பானேன். என் பெயர் எர்மெக். வேன் ஓட்டுகிறேன். பக்கத்து ஊர்களிலிருந்து பக்தர்களை ஏற்றிவந்து இறக்கியது நான்தான். என் மணிக்கட்டில் இரண்டு வருஷமாக ஒரு காந்தக் காப்பு கிடக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று ரயிலில் ஒருவன் விற்றான். என் புத்தியின் நீளம் அகலம் உங்களுக்கு விளங்கியிருக்கும். என் வீட்டிலும் கறி நின்றது. வயிறு கேட்காத நாளில் அடுத்த ஸ்டேஷன் வரை ஓட்டிப்போய், கறி வைத்த சம்சா நாலைத் திருட்டுத்தனமாக விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பொடியின் மகிமையைப் பேசுவேன். அங்கே போனால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடப்போம்.

இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும், ஐசுலு மட்டும் இல்லாவிட்டால்.

ஐசுலு என் தங்கை. அந்த வசந்தத்தில்தான் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. லிட்டருக்கு நூற்றிருபது கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எண்பத்திரண்டுதான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. இரும்பு மாத்திரை எழுதினார், கறியும் ஈரலும் பயறும் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கென்றே ஓர் ஆட்டை அறுப்பது எங்கள் வழக்கம். கல்ஜா என்போம். அந்தக் கறியில் மாமியாருக்கே பங்கு கேட்டுத்தான் கிடைக்கும். அதிலும் கழுத்துத் துண்டு அவளுக்கு மட்டும். அந்த எலும்பைக் கத்தி படாமல் அவளே பல்லால் சுத்தமாக்க வேண்டும், பிறகு அதைச் சுவரில் தொங்கவிட்டால் குழந்தைக்குக் கழுத்து நிற்கும் என்பார்கள். ஐசுலுவின் மாமியார் உர்கியா நல்ல மனுஷி. கறிக்காரி ரிஸ்தியை வரவழைத்து ஆட்டை வெட்டிப் பிரித்து, கழுத்துத் துண்டில் மட்டும் தன் கையாலேயே சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டு உறையவைத்தார்.

ஐசுலு இரண்டு நாள் சூப்புக் குடித்தாள். மூன்றாம் நாள் உர்கியா கோஜாபெக்கிடம் போனார்.

"பச்சை உடம்புக்காரிக்குப் பயந்த கறியா? பால் வழியாப் பிள்ளைக்கும் ஏறுமேம்மா" என்றார் அவர். "கறி வேண்டாம், பயறு வேண்டாம், மாத்திரை வேண்டாம். என் பொடி மட்டும்."

கல்ஜா ஆடு முழுவதையும், கழுத்துத் துண்டு உட்பட, குழிக்கு ஏற்றிப்போனது யார் என்று கேட்காதீர்கள். ஊரில் வேன் ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு மாதத்தில் ஐசுலு வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டாள். குழந்தையைத் தூக்கி நாலடி நடந்தால் சுவரைப் பிடித்தாள். ஒருநாள் குழந்தையோடு சாய இருந்தவளை நான் தாங்கிப் பிடித்தேன். மறுபடி பார்த்ததில் ரத்தம் எழுபத்துமூன்று. அதற்கும் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று டாக்டரம்மா கத்தினார். "பயம் வெளியேறுது, அதான் எண் இறங்குது" என்றார் கோஜாபெக். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக அவர் பேச்சில் சந்தேகம் வந்தது.

நேராக ரிஸ்தியின் கடைக்குப் போனேன். சந்தையில் இருபது வருஷமாகக் கறி விற்கிறாள். நாக்கு அவள் கத்தியைவிடக் கூர்மை. கடையில் ஈ கூட இல்லை.

"வாங்க எர்மெக் அண்ணே. கறி வாங்கவா, இல்ல புதைக்க ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கவா?"

"ஐசுலு நிலைமை சரியில்ல ரிஸ்தி. நீ வந்து சம்பந்தியம்மாகிட்டப் பேசேன்."

"நான் பேசுனா? கறி விக்கிறவ கறியத்தான சொல்லுவான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அதுவும் நியாயந்தான். என் பேச்ச யாரும் நம்ப வேணாம்." கத்தியைத் துணியில் துடைத்தாள். "அந்த ஆளு தராசு வெச்சிருக்கானாமே?"

"சத்தையே நிறுக்குது."

"அண்ணே, இருபது வருஷமாத் தராசுக்கு முன்னாடி நிக்கறேன். தட்டுல விரல் வெச்சுப் பொழச்சதும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். தராசுல கை வெக்கிறவனை எனக்குத் தெரியாதா? எனக்கு அவன் பொடி ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க."

வாங்கிக்கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் பின்னால் கட்டியிருந்த பசு முன்னால் நீட்டினாள். பசு நக்கித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டது.

"குதிரைமசால்" என்றாள் ரிஸ்தி. "காஞ்ச தீவனத்தை இடிச்சு வெச்சிருக்கான். விஷம் இல்ல. மாட்டுக்கு ரொம்ப நல்லது."

வெள்ளிக்கிழமை கோஜாபெக் தன் மேசையும் தராசுமாக ரயில்வே மன்றத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். ஊர்த் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உர்கியா ஐசுலுவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார், அடுத்த மாதப் பொடி வாங்க. அப்போது ரிஸ்தி மேடைக்கு ஏறினாள், தலைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஐயா, பாவம் பண்ணிட்டேன். கடைய மூடப்போறேன். இது உங்ககிட்ட வாங்குன பொட்டலம், இது என் கடைக் கடைசிக் கறி. உங்க கையால எல்லார் முன்னாடியும் ஒருதரம் நிறுத்துக் காட்டுங்க. என் மனசு ஆறும்."

கறிக்காரியே திருந்திவிட்டாள். கூட்டத்தில் இரண்டு பேர் அழுதார்கள். கோஜாபெக்கின் முகத்தில் வெண்ணெய் உருகியது. கறியை இடத் தட்டில் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கரண்டி வலத் தட்டில் கொட்டினார். முணுமுணுத்தார். தட்டு நடுங்கியது, டக்கென்று இறங்கியது.

"நாற்பது இல்லம்மா. இந்தப் பொட்டலத்துல நாற்பத்தஞ்சு ஆட்டுச் சத்து. உன் கண்ணீர் சேந்திருக்கு."

ஊர்த் தலைவரால் தாங்க முடியவில்லை. எழுந்துவந்து தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணை மூடி நாக்கில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு தலைவரே?" என்றாள் ரிஸ்தி.

"மலை வாசம் அடிக்குது" என்றார் தலைவர் உருக்கமாக.

"அடிக்கும். எங்க குதிரை அங்கதான் மேயுது. அடுப்பெரிக்கத் தட்டி வெச்ச வறட்டி அது. பொடியை மாட்டுக்குப் போட்டுட்டு இதை இடிச்சு ரொப்பிட்டு வந்தேன்."

தலைவர் ஜன்னல் பக்கம் ஓடினார். அவ்வளவுதான், ஆசாமி தொலைந்தான் என்று நான் நினைத்தேன். எங்கள் ஊரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

கோஜாபெக் சிரித்தார். "குதிரை என்ன தின்னுது? புல்லு. வறட்டிக்குள்ள இருக்கறது என்ன? புல்லு. அறுபடாத, பயப்படாத புல்லு. என் தராசு உண்மையத்தான் சொல்லியிருக்கு."

"அதான" என்றது பின்வரிசை. "வாஸ்தவந்தான, குதிரை புல்லுதான தின்னுது" என்று தலையாட்டியது நடுவரிசை. ஒரு பெரியவர் வறட்டி மிச்சம் இருக்கிறதா என்று ரிஸ்தியிடமே விசாரித்தார். ஐசுலு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உர்கியாவின் கை பொடி வாங்கும் பைக்குள் போனது.

ரிஸ்தி அலட்டிக்கொள்ளவில்லை. "சரிங்க ஐயா. சத்தை நிறுக்கற தராசுன்னு ஒத்துக்கறேன். சந்தையில புதுத் தராசு வாங்குனா நாங்க ஒண்ணு பண்ணுவோம். சரக்கைத் தட்டு மாத்தி வெச்சுப் பாப்போம். நல்ல தராசுன்னா எந்தத் தட்டுல வெச்சாலும் ஒரே கணக்குச் சொல்லணும். கறிய வலப் பக்கம் வைங்க. உங்க சொந்தப் பொடிய இடப் பக்கம் வைங்க."

"இடப் பக்கம் சைத்தான் பக்கம்" என்றார் கோஜாபெக்.

"அப்ப மேசையச் சுத்தி அந்தப் பக்கம் போய் நில்லுங்க. உங்களுக்கு அது வலப் பக்கம் ஆயிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஆபத்தான சாமான். ஒரு வாயிலிருந்து கிளம்பினால் ஊர் முழுக்கப் பரவும். "மாத்தி வைங்க ஐயா, பாப்போம்" என்று இரண்டு குரல்கள் எழுந்தன. மாற்றி வைத்தார். பொடி இடம், கறி வலம். முணுமுணுத்தார். கறித் தட்டு கீழே கிடந்தது. இன்னும் வேர்த்து முணுமுணுத்தார். கறித் தட்டு டக்கென்று அடிமட்டத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது.

"பாவம், மாட்டிக்கிட்டாரு" என்றாள் ரிஸ்தி. "மேசைக்கடியில முழங்கால எடுத்தாலும் கறி இறங்கும், அழுத்துனாலும் கறி இறங்கும். எர்மெக் அண்ணே, அந்தத் துணிய எடுங்க."

நான் ஒரே தாவில் மேசைத் துணியைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் என் கை பலகையில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. எடுத்தால் வரவில்லை. குனிந்து பார்த்தால், முழங்காலால் தூக்குகிற மாதிரி ஒரு கட்டை, அதன்மேல் நெருக்கமாகப் பதித்த காந்தங்கள். என் மணிக்கட்டில் இருப்பது மாதிரியான காப்புகளை உடைத்து எடுத்த அதே குண்டுகள். ரயிலில் விற்காமல் மீந்த சரக்கு. வெள்ளைக் கோட்டுக்கு மேலே இருந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் ஒரே ஆள் என்னை இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறான். நான் அவனை 'அவர்' என்று சொல்வது இத்தோடு நிற்கும்.

உர்கியா எழுந்தார். "தராசு போகட்டும். குழி? நாய்கூட அதுகிட்டப் போறதில்லையே ரிஸ்தி?"

"அக்கா, நாய்க்குப் பயம்னு நீங்க நெனச்சீங்க. உள்ள ஒண்ணும் இல்லாத குழிய நாய் எதுக்குத் தோண்டணும்? அதுக்கு வேற வேலை இல்லையா?"

கோஜாபெக்கையும் இழுத்துக்கொண்டு கூட்டம் அப்படியே அவன் கொல்லைக்குப் போனது. மண்வெட்டி கொண்டுவந்தார்கள். ஆள் ஆழம் தோண்டினோம். மண் வந்தது, பிறகு இன்னும் மண் வந்தது. ஓர் எலும்பு இல்லை. சுற்றி நின்ற நாய்கள் எங்களை இரக்கத்தோடு பார்த்தன. அவற்றில் ஒன்று, காது கிழிந்த மஞ்சள் நாய், பக்கத்துக் கொட்டகைக் கதவடியை மோந்துகொண்டு நின்றது. ஒரு மாதமாக அது அங்கேதான் நிற்கிறதாம். யாருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கொட்டகைக்குள் ஆள் படுக்கிற அளவுக்கு ஓர் உறைபெட்டி இருந்தது. திறந்தால் எங்கள் ஊர் ஆடுகள். அடுத்த ஸ்டேஷனில் சம்சா விற்பவன் கோஜாபெக்கின் மச்சினன் என்று அப்புறம் தெரிந்தது. நாங்கள் புதைக்கக் கொடுத்த கறியை, நாங்களே திருட்டுத்தனமாகப் போய்க் காசு கொடுத்துத் தின்றிருக்கிறோம். ருசியாக வேறு இருந்தது.

"நானா உங்க வீடு புகுந்து எடுத்தேன்?" என்றான் கோஜாபெக். போலீஸ் வரும்வரை அவனைத் தலைவர் சட்டையோடு பிடித்துக்கொண்டிருந்தார். "கேட்டேன். குடுத்தீங்க. எதுக்குன்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

அந்த மாதம் முழுக்க அவன் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

உறைபெட்டியின் அடியில் உர்கியா கையை விட்டுத் துழாவினார். சிவப்பு நூல் சுற்றிய கழுத்துத் துண்டு. அவர் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷி தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் மருமக வாயிலருந்து நானே புடுங்கிக் குடுத்தேனே" என்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்றிவந்த வேன் என்னுடையதுதானே.

"அழுதா ரத்தம் ஊறாது அக்கா" என்றாள் ரிஸ்தி. "நேராப் போய் மாத்திரைய எடுத்து அவ கையில குடுங்க, முதல்ல அது. பெறகு இதை வேக வைங்க. கறியில இருக்கற இரும்பு உடம்புல சுளுவாச் சேரும். பயறுலயும் கீரையிலயும் இருக்கு, ஆனா உடம்பு அதைக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் எடுக்கும். தக்காளியோ எலுமிச்சையோ கூடச் சேத்தா நல்லா எடுக்கும். அதையும் குடுங்க."

"அப்ப கறிதான் ஒசத்தின்னு சொல்லு" என்றார் தலைவர், வாயைக் கொப்பளித்தபடி.

"யாரு சொன்னா? கறியே தொடாம நல்லா வாழறவங்களும் இருக்காங்க. பயறு, பருப்பு, கொட்டைன்னு பாத்துப் பாத்துத் திங்கணும். நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேணுங்கற ஒரு சத்து செடிகொடியில கிடைக்காது, அதை மட்டும் மாத்திரையா வாங்கிக்கணும். டாக்டரம்மாவைக் கேளுங்க. ஆனா ஒரு கரண்டி மாட்டுத் தீவனத்துல நாற்பது ஆடு ஒளிஞ்சிருக்காது. உங்களுக்கு ஒண்ணு சொல்லணும் தலைவரே, கால் கட்டைவிரல் வீங்கித்தான நடக்கறீங்க? இனிமே கொழுப்புக் கறி கேட்டு என் கடைக்கு வராதீங்க. பக்கத்துக் கடையில முட்டைக்கோஸ் வாங்குங்க."

கறி விற்கிறவள் கறி விற்க மாட்டேன் என்று சொன்னதை நான் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் ரிஸ்தியையும் கூட வைத்துக்கொண்டு உர்கியா கழுத்துத் துண்டை வேகவைத்து, தன் கையாலேயே எடுத்து ஐசுலுவின் வாயில் ஊட்டினார். மாத்திரை, கறி, பயறு என்று போய், இலையுதிர்காலத்தில் ரத்தம் நூற்றுப் பதினெட்டு. இப்போது பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் என்னைத் திட்டுகிறாள். எல்லாம் என் வேன் செய்த பாவம், வாங்கிக்கொள்கிறேன்.

கழுத்தெலும்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஐசுலு சுத்தமாகக் கடித்து முடித்ததும் உர்கியா அதை ஆணியில் தொங்கவிடப் போனார். நூலைக் கட்டிவிட்டார். கை ஆணிவரை போனது, அங்கேயே நின்றது. "ரிஸ்தி, இதைத் தொங்கவிட்டா நெசமாவே கழுத்து நிக்குமா?" என்றார். எங்கள் ஊரில் அந்த மாதம் யாரும் கேட்காத கேள்வி. "பால் குடிச்சாக் கழுத்து நிக்கும் அக்கா. ஆணியில தொங்குனா எலும்புதான் நிக்கும்" என்றாள் அவள். உர்கியா நூலை அவிழ்த்தார். வாசலுக்குப் போய், கறி வாசத்துக்குப் பின்னாலேயே வந்து நின்ற, காது கிழிந்த அந்த மஞ்சள் நாய்க்கு எலும்பைப் போட்டார்.

அது நியாயமான பங்கு. ஊர் முழுக்கக் குழியைப் பார்த்துத் தலை குனிந்த மாதத்தில், கறி எங்கே இருக்கிறது என்று மோந்து பார்த்தது அது ஒன்றுதான். இனி யாராவது உங்களுக்கு அற்புதம் காட்டினால், தலை குனிவதற்கு முன்னால் கொஞ்சம் மோந்து பாருங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால் கூட ஒரு நாயையாவது அழைத்துப் போங்கள்.